கத்தரி யார் கையில்?

யானைக்கவுனி, வியாசர்பாடிப் பக்கமிருந்து விஸ்காம் படிக்கப் போகும் தோழர்களே, எடிட்டிங் என்றால் வேண்டாததை வெட்டுவது என்பார்கள். யாருக்கு வேண்டாதது? அதைக் கேளுங்கள்.

ரஷ்யாவின் குலேஷோவ் 1920களை ஒட்டிச் செய்துகாட்டினார்: ஒரே முகம். அதோடு சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் பசி. சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம். மாறியது முகமல்ல, அடுத்த ஷாட்.

இதை நெல்லையில் வைத்துப் பாருங்கள். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன சனங்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். மிதந்த உடலை மட்டும் காட்டினால், 'தண்ணியில மூழ்கிச் செத்தான்' என்றாகும். முந்தின ஷாட்டில் லத்தி இருக்கு. விசாரித்த நீதிபதி மோகன் கமிஷனும் 11 பேர் மூழ்கிச் செத்ததாகவே எழுதியது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்த லத்தியை வெட்டவில்லை.

நான் பேங்க் கிளார்க். லெட்ஜரில் ஒரு வரியை விட்டால் மொத்தக் கணக்கும் பொய்யென்று தெரியும். படத்துக்கும் அதே கணக்குதான்.

டிசால்வ், ஜம்ப் கட் எல்லாம் கத்துக்குங்க. ஆனா வெட்டின துண்டைத் தூக்கி எறியாதீங்க. தேதி, இடம் எழுதிப் பத்திரமா வையுங்க. நாளைக்கு நம்ம சேரிக்கு அதுதான் சாட்சி.