சொல் ஒன்று, பொருள் நாட்டுக்கு ஒன்று

அமெரிக்க அரசியல் பற்றிய காணொளிகளை நம் இளையர்கள் நிறையவே பார்க்கிறார்கள். அவற்றிலிருந்து இரண்டு சொற்கள் அவர்களின் பேச்சிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் நுழைந்துவிட்டன. ஒன்று ‘லிபரல்’, மற்றொன்று ‘கன்சர்வேட்டிவ்’. தமிழில் தாராளவாதி, பழமைவாதி என்கிறோம். ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னதும், அவர் இன்ன வகை என்று முத்திரை குத்திவிடுகிறோம். அந்த முத்திரை எந்த ஊரில் செய்யப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு லிபரல் என்ற பெயரில் இயங்கும் கட்சி ஒரு வலதுசாரிக் கட்சி. 1944ல் அதைத் தொடங்க முன்னின்ற ராபர்ட் மென்சிஸ், தனிமனித சுதந்திரத்தையும் தனியார் தொழில்முயற்சியையும் மனத்தில் கொண்டு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஜப்பானில் 1955ல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமைவாதக் கட்சியாகவே அறியப்படுகிறது. அமெரிக்காவிலோ லிபரல் என்றால் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர் என்று பொருள்.

இதற்குக் காரணம் வரலாறு. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் லிபரல் என்பவர், அரசாங்கக் கட்டுப்பாடுகள் குறைய வேண்டும், வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று வாதிட்டவர். 1930களில் பெரும் பொருளியல் மந்தநிலை அமெரிக்காவை உலுக்கியது. பசியோடும் வேலையின்றியும் இருப்பவருக்குச் சுதந்திரத்தால் பயனில்லை என்று கருதிய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அரசாங்கத்தையே களத்தில் இறக்கினார். 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தம் கொள்கையையும் அவர் லிபரல் என்றே அழைத்தார். ஆஸ்திரேலியாவில் தொழிலாளர் நலனைப் பேச வலுவான தொழிற்கட்சி ஏற்கெனவே இருந்தது. அதை எதிர்த்தவர்கள் அதே சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தமிழிலும் இந்தக் குழப்பத்தின் தடம் இருக்கிறது. 1991ல் இந்தியா அரசாங்கக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சந்தையைத் திறந்துவிட்டதைத் ‘தாராளமயமாக்கல்’ என்கிறோம். அரசாங்கம் ஏழைகளுக்கு இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்று கோரும் அமெரிக்கரைத் ‘தாராளவாதி’ என்கிறோம். வேர் ஒன்றே. ஆனால் முதலாவதில் அரசாங்கம் விலகி நிற்கிறது, இரண்டாவதில் நெருங்கி வருகிறது. செய்தி வாசிக்கும் மாணவர் குழம்பினால் அது அவர் குற்றமன்று.

பழமைவாதி என்ற சொல்லும் இப்படித்தான். எதைக் காக்க நினைக்கிறார் என்று தெரியாவிட்டால் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. 1980களின் பிற்பகுதியில் சோவியத் யூனியனில் கோர்பசேவின் சீர்திருத்தங்களை எதிர்த்த கம்யூனிஸ்டுகளைச் செய்தியாளர்கள் பழமைவாதிகள் என்றே எழுதினர். ஜப்பானியர் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி 1961ல் கிடைத்தது, பழமைவாதக் கட்சியின் ஆட்சியில். ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்கி, 600,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து திரட்டி அழித்தது ஜான் ஹோவர்டின் வலதுசாரி அரசாங்கம். அமெரிக்காவில் இந்த இரண்டையும் கேட்பவருக்கு லிபரல் என்ற பெயர்தான் கிடைக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். மக்கள் செயல் கட்சி, 1976ல் விலகும் வரை சோஷலிச அனைத்துலகம் என்ற உலக அமைப்பில் உறுப்பினராக இருந்தது. சிங்கப்பூர்வாசிகளில் 10ல் ஏறக்குறைய 8 பேர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். இதைப் பார்க்கும் வெளிநாட்டவர் நம்மை இடதுசாரி நாடு என்பார். குறைந்த வரியையும் தடையற்ற வணிகத்தையும் பார்ப்பவர் வலதுசாரி என்பார். போதைப்பொருளுக்கு எதிரான கடுமையான சட்டங்களைப் பார்ப்பவர் பழமைவாதம் என்பார். மூவரும் பார்த்தது ஒரே நாட்டைத்தான்.

முத்திரை பிசகினால் கட்டுரையில் மதிப்பெண் குறையும். அது சிறிய இழப்பு. பெரிய இழப்பு வீட்டில் நடக்கிறது. முதியோரின் மருத்துவச் செலவை அரசாங்கம் இன்னும் கூடுதலாக ஏற்க வேண்டும் என்று சொல்லும் பாட்டி, பிள்ளைகள் பெரியவர் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்றும் சொல்வார். அவர் பேச்சில் முரண்பாடு எதுவும் இல்லை. வெளியூர் முத்திரைக்குள் அவர் அடங்கவில்லை, அவ்வளவுதான். பாதி கேட்டவுடன் அவரை ஒரு வகையில் சேர்த்துவிட்டால், மீதிப் பாதி நம் காதில் விழாது. நாளை வாக்களிக்கப் போகும் இளையர்களுக்கு அந்த மீதியும் தேவை.

ஆகவே, இச்சொற்கள் எதிர்ப்படும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எந்த நாட்டைப் பற்றிய பேச்சு? எந்தக் காலம்? எந்த விவகாரம்? வரி பற்றியா, குடும்பம் பற்றியா, சட்டம் பற்றியா? பிறகு முத்திரையை எடுத்துவிட்டுக் கொள்கையை நேராகச் சொல்லிப் பாருங்கள். ‘அவர் லிபரல்’ என்று எழுதுவதற்குப் பதில், ‘மருத்துவச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்கிறார்’ என்று எழுதுங்கள். எதிரில் இருப்பவர் உடனே, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார். உருப்படியான விவாதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.