ஈரத் தடத்தில் வழுக்கும் 'திறன்'

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குதிரைப் பந்தயத் திடல் கிடையாது. எனினும், 'இது சூதாட்டமல்ல, திறன் விளையாட்டு' என்ற வாசகம் அங்குள்ள கைப்பேசிகளையும் எட்டியது. இணைய ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றங்களில் முன்வைத்த வாதம் அது. அதற்கு அவை துணைக்கு அழைத்த தீர்ப்புகளுள் ஒன்று, சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் பற்றியது.

பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் கொண்டுவந்த சட்டத்தையொட்டிய வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் ஆற்றல், ஜாக்கியின் தேர்ச்சி, சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை ஆராய்ந்து வெற்றியைக் கணிக்கலாம். ஆகவே குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்பது அதன் சாரம்.

இந்த வாதத்துக்கு உரைகல் மழைதான். பல பந்தயங்களில் 'ஹேண்டிகேப்' முறை பின்பற்றப்படுகிறது. முந்தைய ஓட்டங்களின் அடிப்படையில் வலிய குதிரைக்குக் கூடுதல் எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் தந்து, வாய்ப்பைச் சமன்செய்வதே அதன் நோக்கம். அந்த எடை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. மழையோ பிறகு வருகிறது. உலர்ந்த தரையில் செய்த கணக்கு சேற்றில் பொருந்துமா?

இதில் கணிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சேற்றில் ஒவ்வொரு கிலோவும் கூடுதலாக அழுத்தும் என்பதால், குறைந்த எடையுள்ள குதிரையைத் தேர்வது ஒரு வழி. எடையைவிட, ஈரத் தடத்தில் அதே குதிரையும் அதன் மரபுவழியும் முன்பு காட்டிய வேகமே முக்கியம் என்பது மற்றொரு வழி. தடத்துக்குத் தடமும் விதி மாறுகிறது. பிரிட்டனின் புல்தரையில் மழை வேகத்தைக் குறைக்கும். அமெரிக்காவின் மண் தடங்களிலோ, மழைக்கு முன் தரையை இறுக்கிவிட்டால் நீர் வழிந்தோடி, சில நேரங்களில் வேகம் கூடவும் செய்யும்.

ஆக, திறன் என்பது பொய்யல்ல. அது யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. காலைப் பயிற்சியைப் பார்ப்பவருக்கும், குதிரையின் குளம்பை அறிந்த பயிற்சியாளருக்கும், தரையின் மென்மையை அளக்கும் பெனட்ரோமீட்டர் கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கும் ஈரத் தடம் ஓரளவு பிடிபடும். தொலைவிலிருந்து நூறு ரூபாய் கட்டுபவருக்கு அது பூவா, தலையாதான். ஒரே ஆட்டம் ஒருவருக்குத் திறனாகவும் மற்றவருக்குச் சூதாகவும் இருக்கிறது. சட்டமோ இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறனா வாய்ப்பா என்று பாராமலே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்கிறது. தடை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், ஆட்டத்தின் தன்மையைவிட ஆடுபவரின் நிலையைப் பார்க்கும் அணுகுமுறை சரியானது.

பந்தயத் திடல்களுக்கும் இது பொருந்த வேண்டும். மழை பெய்தால் தரையின் அளவீட்டையும், ஒவ்வொரு குதிரையின் ஈரத் தட ஓட்டங்களையும், பணம் கட்டும் நேரம் முடியும் முன்பே எளிய தமிழில் அறிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். திறன் என்று சொல்லிப் பணம் பெறுபவர்கள், அந்தத் திறனுக்கு வேண்டிய தகவலையாவது தரட்டும்.