குரல் பெருகியது, அதிகாரம் இடம்பெயர்ந்ததா?

‘எண்ணிம வலைப்பின்னல்கள் அதிகாரத்தை நிறுவனங்களிடமிருந்து பறித்து எளிய குடிமக்களின் கையில் தந்துவிட்டன’ என்னும் கூற்று, கருத்தரங்க உரைகளிலும் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் இன்று மந்திரமாகிவிட்டது. மந்திரத்தை யாரும் சோதிப்பதில்லை. சோதிப்பதற்கு கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கம்வரை செல்ல வேண்டியதும் இல்லை. தலைநகர் தில்லியில் நடந்த இரண்டு உழவர் போராட்டங்களே போதும்.

2017 மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். மண்டையோடுகளை ஏந்தினர், எலிகளை வாயில் கவ்வினர். அப்படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி உலகெங்கும் பரவின. காணப்படுதலே வலிமை என்றால், அந்த ஆண்டில் அவர்களைவிட வலிமை மிக்கோர் நாட்டில் சிலரே இருந்திருப்பர். 41 நாள்களுக்குப் பின் போராட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தலையாய கோரிக்கையான பயிர்க்கடன் தள்ளுபடியை மத்திய அரசு ஏற்கவில்லை. ஜூலையில் அவர்கள் மீண்டும் தில்லிக்கு வர நேர்ந்தது.

2020 நவம்பர் 26 அன்று பஞ்சாப், ஹரியானா உழவர்கள் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தலைநகரை நோக்கிப் புறப்பட்டனர். விரைவில் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகள் போராட்டக் களங்களாயின. 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் அச்சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நகரம் அதே நகரம். ஆட்சியும் அதே ஆட்சி. சமூக ஊடகங்களும் பெரும்பாலும் அவையே. எனில், எது வேறு? பஞ்சாபில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட சங்கங்கள் ஒரு குடையின்கீழ்த் திரண்டிருந்தன. ஊர்தோறும் கிளைகள், முறைவைத்து ஆளனுப்பும் ஏற்பாடு, அணையாத லங்கர் அடுப்பு என அவற்றிடம் ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்கும் கட்டமைப்பு இருந்தது. களத்தின் செய்தியைச் சொல்ல ‘டிராலி டைம்ஸ்’ என்னும் தாளிகையை அச்சடித்தும் வழங்கினர். இணையத்தின் வெற்றி என்று கொண்டாடப்படும் போராட்டம் அச்சுத்தாளையும் நம்பியிருந்தது என்பதை எத்தனை ஆய்வேடுகள் பதிவு செய்துள்ளன?

இங்கே ஒரு மறுப்பு எழும். 2021 ஜனவரி 28 இரவு காஜிப்பூரில் ராகேஷ் டிகைத் கண்ணீர் விட்ட காணொலிதானே, கலையவிருந்த களத்தைக் காப்பாற்றியது? உண்மைதான். ஆனால் அக்காணொலியைக் கண்டு கலங்கியோர் பலர். இரவோடிரவாக டிராக்டர் ஏறியோர் மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களைச் சேர்ந்தோர். மறுநாளே முசாபர்நகரில் மகாபஞ்சாயத்து கூடியது. செய்தியைக் கொண்டு சேர்த்தது வலைப்பின்னல். அதைத் திரளாக்கியது தலைமுறைகளாக இருந்துவந்த சங்கமும் பஞ்சாயத்தும்.

விசை யார் கையில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். அதே நாள்களில் மூன்று எல்லைகளிலும் உள்துறை அமைச்சகம் இணையத்தைத் துண்டித்தது. அதற்குக் கைகொடுத்தது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். பிப்ரவரி 1 அன்று ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’ உள்ளிட்ட சுமார் 250 ட்விட்டர் கணக்குகள் இந்தியாவில் முடக்கப்பட்டன. சில மணி நேரத்தில் அந்நிறுவனமே அவற்றை மீட்டளித்தது. முடக்குமாறு பணித்தது ஒரு நிறுவனம். முடக்கியதும் மீட்டதும் இன்னொரு நிறுவனம். அதிகாரத்தைப் பெற்றுவிட்டதாகச் சொல்லப்படும் குடிமகன் இரு தரப்பிலும் இல்லை. 2015-இல் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியதைக் கொண்டாடுவோர், கணக்குகளை முடக்கப் பயன்படும் 69ஏ பிரிவை அதே தீர்ப்பு செல்லுபடியாக்கியதை மறந்துவிடுகின்றனர்.

வலைப்பின்னல் பயனற்றது என்பது இதன் பொருளாகாது. அது குரலைப் பெருக்குகிறது, தொலைவைச் சுருக்குகிறது, பொய்யுரைக்கும் தொலைக்காட்சிக்கு அன்றே மறுமொழி தருகிறது. இவை பெரும்பேறுகள். ஆனால் கேட்கப்படுவதும் ஏற்கப்படுவதும் ஒன்றல்ல. அமைப்பைக் கட்டும் நீண்ட உழைப்பின்றியே பெருங்கூட்டம் திரட்ட இயல்வது இணைய இயக்கங்களின் வலிமை மட்டுமன்று, பலவீனமும் ஆகும் என்று செய்னெப் டுஃபெக்சி 2017-இலேயே எச்சரித்தார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர்; அவ்வெச்சரிக்கையைத் தம் ஆய்வுமுறைக்குள் கொண்டுவந்தோர் சிலர்.

ஹேஷ்டேக்குகளை எண்ணுவது எளிது; அறையைவிட்டு வெளியேறாமலே செய்துவிடலாம். சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைப் படிக்க ஊருக்குச் செல்ல வேண்டும், மொழி கற்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ‘அதிகாரம் இடம்பெயர்ந்துவிட்டது’ என்று எழுதுவதால் ஆளும் நிறுவனங்களுக்கு யாதொரு இழப்பும் இல்லை. அமைப்பு தேவையில்லை என்று நம்பி, கைப்பேசியை மட்டும் ஏந்தித் தலைநகருக்கு வரும் அடுத்த உழவனுக்கே இழப்பு. அந்த நம்பிக்கையை அவனுக்கு ஊட்டிய பழி, மந்திரத்தைச் சோதிக்காமல் ஓதிய கல்விப்புலத்தையும் சேரும்.