அரை மைல் நீளச் சுவர்

"அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே தொழிலாளிக்குச் சொந்த வீடு, வாசலில் கார், கொல்லையில் தோட்டம்!" இப்படிப் பேசுவோரை மில் வாசலிலும் பார்க்கிறோம், கிராமத்து டீக்கடையிலும் பார்க்கிறோம். வீடு உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் அந்த வீடு யாருக்குக் கிடைத்தது? யாருக்கு மறுக்கப்பட்டது? மறுத்தது யார்? இந்த மூன்று கேள்விகளையும் அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

டெட்ராய்ட் நகரம் மோட்டார் கார் உற்பத்திக்குப் பேர்போன ஊர். அதன் வட எல்லையில் எட்டு மைல் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அதன் அருகே இன்றும் ஒரு சுவர் நிற்கிறது. உயரம் 6 அடி. நீளம் அரை மைல். அது கோட்டை மதில் அல்ல. ஆலையின் காம்பவுண்டும் அல்ல. வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே ஓடுகிறது. 1941ல் கட்டப்பட்டது. ஒரு பக்கம் கறுப்பின மக்கள், மறுபக்கம் வெள்ளையர். மனிதரைப் பிரிப்பதற்கென்றே கட்டிய சுவர்!

சுவர் எழுப்பியது யார்?

அந்த இடத்தில் கறுப்பின உழைப்பாளிகள் 1920களிலிருந்தே நிலம் வாங்கி, தங்கள் கையாலேயே வீடு கட்டி வாழ்ந்து வந்தார்கள். பக்கத்து நிலத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க ஒரு முதலாளி கிளம்பினான். சர்க்காரின் கடன் ஜாமீன் இருந்தால்தான் வீடு விலை போகும். ஜாமீன் கொடுக்க வேண்டிய மத்திய வீட்டு வசதி நிர்வாகம் என்ன சொன்னது? "கறுப்பர் குடியிருப்பு பக்கத்தில் இருக்கிறது; ஜாமீன் கிடையாது" என்றது. முதலாளி நடுவே அரை மைலுக்குச் சுவர் எழுப்பினான். உடனே ஜாமீன் கிடைத்தது!

செங்கல்லும் சிமெண்டும் முதலாளியுடையவை. ஆனால் சுவரை எழுப்பச் செய்தது சர்க்காரின் விதி. "ஜனங்கள் தங்கள் இனத்தாரோடு சேர்ந்து வாழத்தான் விரும்புகிறார்கள், இதில் சர்க்கார் என்ன செய்யும்?" என்று சொல்லும் கனவான்கள் இந்தச் சுவரின் முன்னால் நின்று அதைச் சொல்லட்டும்.

வரைபடத்தில் சிவப்பு மை

இந்த ஜாமீன் என்பது என்ன? 1930களின் பெருநெருக்கடியில் அமெரிக்காவின் வங்கிகள் விழுந்தன. கடன் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அப்போது சர்க்கார் தலையிட்டது. 1933ல் வீட்டுக் கடன் கார்ப்பரேஷன், 1934ல் மத்திய வீட்டு வசதி நிர்வாகம் ஏற்பட்டன. வாங்குபவர் கடன் கட்டத் தவறினால் வங்கிக்குச் சர்க்கார் கொடுக்கும். ஆகவே வங்கிகள் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணையில் கடன் கொடுத்தன. கூலிக்காரனும் வீடு வாங்க வழி பிறந்தது. நல்ல ஏற்பாடுதான்!

ஆனால் அந்த வழியில் தடையும் வைத்தார்கள். வீட்டுக் கடன் கார்ப்பரேஷன் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. முதல்தரப் பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்து மஞ்சள், "ஆபத்தான" பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. அங்கே குடியிருப்பவர் ஒழுங்காகக் கடன் கட்டுபவராக இருந்தாலும் சரி, வீடு புத்தம் புதிதாக இருந்தாலும் சரி, சிவப்பு சிவப்புதான். வீட்டு வசதி நிர்வாகம் தன் கைப்புத்தகத்திலேயே இனங்கள் கலப்பது வீட்டின் மதிப்புக்குக் கேடு என்று எழுதி வைத்தது. வெள்ளையர் அல்லாதாருக்கு விற்பதில்லை என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லிச் சிபாரிசும் செய்தது.

"அவர்கள் ஏழைகள், அதனால் வாங்க முடியவில்லை" என்பது அடுத்த வாதம். ஒரே ஆலையில் ஒரே கூலி வாங்கிய இருவரில் வெள்ளைத் தொழிலாளிக்குக் கடன் கிடைத்தது, கறுப்புத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. இருவரும் வரி கட்டினார்கள். அந்த வரிப்பணத்தின் பலத்தில்தான் ஜாமீன். கறுப்புத் தொழிலாளியிடம் வரி வாங்கி, அவனுக்கு எதிராகவே சுவர் கட்டினார்கள்!

வேலை செய்ய வரலாம், வாழ வரலாகாது

யுத்தம் முடிந்து நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புது ஊர் 1947ல் எழுந்தது. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு முன்பணமே இல்லாமல் வீடு. அந்த வீட்டின் குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளையர் அல்லாதார் யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களாக இருந்தால் பரவாயில்லை!

அதே யுத்தத்தில் ரத்தம் சிந்திய கறுப்புச் சிப்பாய் அந்த ஊரில் பாத்திரம் கழுவலாம், படுத்துறங்கலாகாது. பண்ணை வீட்டின் களத்தில் நெல் தூற்றலாம், திண்ணையில் உட்காரக் கூடாது என்ற விதியைப் பார்த்தவர்கள் நாம். இந்த ஷரத்தை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இன நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றக் கூடாது என்று 1948ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன் பிறகும், பென்சில்வேனியாவிலுள்ள இன்னொரு லெவிட்டவுனில் 1957ல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது கும்பல் கூடிக் கல்லெறிந்தது.

தொழிலாளிக்குத் தொழிலாளி பகை

யுத்த காலத்தில் டெட்ராய்ட் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. வந்த ஆட்களுக்கு வீடு கொடுக்க முதலாளிகள் தயாராயில்லை. கறுப்பினத் தொழிலாளருக்காகச் சர்க்கார் 200 வீடுகள் கட்டியது. அடிமையாகப் பிறந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1942 பிப்ரவரி 28ந் தேதி குடிபோக வந்தவர்களை வெள்ளையர் கும்பல் மறித்துத் தாக்கியது. கைதானவர்களில் பெரும்பாலோர் யார்? அடிபட்ட கறுப்பின மக்களே! கடைசியில் ஏப்ரலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசும் பட்டாளமும் காவல் நிற்கத்தான் குடும்பங்கள் குடியேற முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1943 ஜூனில், டெட்ராய்ட் பற்றி எரிந்தது. இறந்தவர் 34 பேர். அவர்களில் 25 பேர் கறுப்பர். அந்த 25 பேரில் 17 பேர் போலீசின் குண்டுக்குப் பலியானவர்கள்.

தோழர்களே, கசப்பான உண்மையை மறைக்கக் கூடாது. கல்லெறிந்த கும்பலில் வெள்ளைத் தொழிலாளியும் இருந்தான். மூன்று கறுப்புத் தொழிலாளிகளுக்குப் பதவி உயர்வு கொடுத்ததற்காக அதே 1943 ஜூனில் பக்கார்ட் ஆலையில் 25,000 வெள்ளைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் தலைமை கறுப்பினக் குடும்பங்கள் பக்கம் நின்றும், சங்க உறுப்பினர் எல்லோரையும் தன் பின்னால் திரட்ட முடியவில்லை.

ஏன்? வெள்ளைத் தொழிலாளியின் ஆயுள் சேமிப்பெல்லாம் அவனுடைய வீட்டில் இருந்தது. "பக்கத்தில் கறுப்பன் வந்தால் உன் வீட்டின் விலை பாதியாகும்" என்று வங்கி சொன்னது, தரகன் சொன்னான், சர்க்காரின் கைப்புத்தகமும் சொன்னது. அந்தப் பயத்தைத் தரகன் காசாக்கினான். ஒரு தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தவுடன் வெள்ளையர் கதவைத் தட்டி, "வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடு" என்பான். மலிவாக வாங்கிய அதே வீட்டை, வேறு எங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்குக் கொள்ளை விலைக்கு விற்பான். வங்கிக் கடன் கிடைக்காததால் சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் தவணை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். வெள்ளைத் தொழிலாளி பயத்தில் இழந்தான். கறுப்புத் தொழிலாளி நிர்ப்பந்தத்தில் இழந்தான். இரண்டு பக்கமும் தின்று கொழுத்தவன் தரகன்!

சட்டம் வந்தது. வீடு வந்ததா?

1949ல் சர்க்கார் இன்னொரு திட்டம் கொண்டு வந்தது. சேரிகளை ஒழித்து நல்ல வீடு தருவோம் என்றது. டெட்ராய்டில் பிளாக் பாட்டம் என்ற கறுப்பினப் பகுதியை இடித்தார்கள். கடைகளும் கோவில்களும் இசை அரங்குகளும் நிறைந்த ஹேஸ்டிங்ஸ் தெரு மண்ணோடு மண்ணாயிற்று. அதன்மேல் கிரைஸ்லர் பெருஞ்சாலை ஓடுகிறது. இடிக்கப்பட்ட இடத்தில் எழுந்த புது வீடுகளின் வாடகை இடிபட்டவர்களுக்கு எட்டவில்லை. சேரியை ஒழிக்கவில்லை, சேரி ஜனங்களை வேறு சேரிக்கு விரட்டினார்கள்.

வீட்டு உரிமைக்காக 1966ல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்குப் போனார்; ஊர்வலத்தில் கல்லடி பட்டார். 1968 ஏப்ரல் 4ந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11ந் தேதி, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதம் கூடாது என்ற சட்டம் கையெழுத்தாயிற்று. ஒரு மனிதரின் ரத்தம் காயுமுன் வந்த சட்டம்! அதற்கும் பல் இல்லை. மீறியவனைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லாமல் சமரசம் பேசும் வேலைதான் இலாகாவுக்கு இருந்தது. 1988ல்தான் அது திருத்தப்பட்டது.

பலன் என்ன? இன்று வெள்ளையர் குடும்பங்களில் 100க்கு 70க்கு மேல் சொந்த வீட்டில் இருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் 100க்கு ஏறக்குறைய 45தான். 1960ல் இருந்த இடைவெளி இன்றும் குறையவில்லை! தகப்பன் வாங்கிய வீடு மகனுக்குப் படிப்பாகிறது, பேரனுக்கு முதலாகிறது. தகப்பனுக்கு மறுத்த வீடும் அப்படியே; அதன் நஷ்டமும் பரம்பரையாக இறங்குகிறது.

முன்பு கடன் மறுத்தவர்கள் பிறகு கழுத்தறுக்கும் கடன் கொடுத்தார்கள். 2004 முதல் 2008 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, லத்தீன் அமெரிக்க மக்களிடம் கூடுதல் வட்டியும் கட்டணமும் பிடுங்கியதாகக் கன்ட்ரிவைட் நிறுவனத்தின் மேல் சர்க்கார் குற்றம் சாட்டியது. 2011ல் 33.5 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கைச் சமரசமாக முடித்தார்கள். பணம் கைமாறியது, பறிபோன வீடு திரும்பி வரவில்லை.

வீடு சரக்கா, உரிமையா?

"பேதம் போய்விட்டால் போதும், மார்க்கெட் வீடு கொடுக்கும்" என்பது இன்றைய வாதம். அமெரிக்காவில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, எந்த நிறத்தவரானாலும், வருமானத்தில் 100க்கு 30க்கு மேல் வாடகைக்கே அழுகின்றன. சர்க்காரின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள நாலு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது. மற்ற மூன்றும் காத்துக் கிடக்கின்றன. சர்க்கார் வீடு கட்டலாமே என்றால், 1999 அக்டோபரில் இருந்த எண்ணிக்கைக்கு மேல் மத்திய நிதியில் பொது வீடுகள் கூடக் கூடாது என்று 1998லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்!

சர்க்காரால் வீடு கட்ட முடியாதா? வியன்னா நகரசபை 1923 முதல் 1934 வரை 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. மாளிகைவாசிகளுக்கு அதிக வரி, குடிசைவாசிகளுக்குக் குறைந்த வரி என்று வசூலித்த பணத்தில் கட்டியது. இன்றும் அந்நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நகரசபை வீடுகளிலும், உதவி பெற்றுக் கட்டிய வீடுகளிலும் வாழ்கிறார்கள். முடியாது என்பவர்களுக்கு முடியவில்லை அல்ல, மனமில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். சமத்துவம் இல்லாமல் வீடு மட்டும் கட்டினால் அது லெவிட்டவுன் ஆகும். வீடு கட்டாமல் சமத்துவம் மட்டும் பேசினால் அது 1968ம் வருஷத்துச் சட்டம் ஆகும்.

நம் பக்கத்துச் சுவர்கள்

டெட்ராய்ட் தூரத்து ஊர். சுவர் தூரத்துச் சங்கதி அல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த தீண்டாமைச் சுவர், விடாத போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6ந் தேதிதான் ஒரு பகுதி இடிபட்டு வழி திறந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ந் தேதி, கொட்டும் மழையில் 20 அடிச் சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த தலித் மக்கள் 17 பேர் மாண்டார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அப்பகுதி ஜனங்கள் சொன்னார்கள்.

"காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025ல் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சொல் போனால் போதுமா? புது வீட்டு மனை மறுபடியும் ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதையில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தானே அளக்கப்படுகிறது? பட்டணத்தில் இடிபட்ட குடிசைவாசிகளை வேலைக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அது வீட்டு வசதியா, நாடு கடத்தலா? வரைபடத்தில் சிவப்பு மை இல்லை, கோடு இருக்கிறது.

மில் தோழரே, விவசாயத் தொழிலாளித் தோழரே! அடுத்த முறை உங்கள் ஊரில் வீட்டு மனைத் திட்டம் என்று தாசில்தார் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மனை எங்கே? யார் யாருக்கு? வாடகையோ தவணையோ நம் கூலியில் எத்தனை பங்கு? மூன்றுக்கும் பதில் வரும்வரை விடாதீர்கள். உங்களுக்கு மனை கிடைத்து, பக்கத்துச் சேரிக்காரருக்குக் கிடைக்காவிட்டாலும் விடாதீர்கள். டெட்ராய்ட் வெள்ளைத் தொழிலாளி அந்த இடத்தில்தான் தவறினான், தரகனிடம் ஏமாந்தான்.

டெட்ராய்ட் சுவரில் இன்று ஜனங்கள் வண்ணச் சித்திரங்கள் தீட்டியிருக்கிறார்கள். பிரிப்பதற்காகக் கட்டிய சுவரில் தங்கள் கதையை எழுதியிருக்கிறார்கள். அது அவர்களுடைய தைரியம். ஆனால் சுவர் கட்டச் சொன்ன சர்க்கார் அதற்கு ஈடாக வீடு கட்டித் தர வேண்டிய கடன் இன்னும் பாக்கி!