கைவலியும் கௌரவமும்

"கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஸார். எழுத மட்டுந்தான் தெரியும்" என்று எழுத்தாள நண்பர்கள் சொல்லிக்கொள்ளும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் படர்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்து மிராசுதார், 'நான் ஏர் பிடித்தவனல்ல' என்று சொன்னபோது இருந்த அதே பெருமிதம். ஏர் பிடிக்க வேறொருவன் இருக்கிறான் என்பதுதான் அதற்குப் பொருள்.

நம் எழுத்தாளருக்காக ஏர் பிடிப்பவள் ஒரு டி.டி.பி. பெண். ஒரு பதிப்பகத்தில் பார்த்தேன். முந்நூறு பக்க நாவல். ஆசிரியர் தம் இஷ்டம்போல் இரண்டு இடைவெளி, மூன்று இடைவெளி விட்டுத் தட்டியிருந்தார். முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி. அத்தியாயத் தலைப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அந்தப் பெண் ஒவ்வோர் இடமாகத் தேடிப்போய்க் கையாலேயே திருத்திக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் துணிப் பட்டி. கூலி பக்கக் கணக்கு.

இதைத்தான் மாக்ரோ என்ற சில வரிக் கட்டளை செய்கிறது. வேர்டில் 1997-ஆம் வருஷப் பதிப்பிலிருந்து விஷுவல் பேசிக் மொழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் பேசிக் உண்டு. இரட்டை இடைவெளியை ஒற்றையாக்கு, தலைப்புகளை ஒரே அளவாக்கு என்று ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். அடுத்த நாவலுக்கும் அதுவே வேலை செய்யும். எழுதத் தெரியாவிட்டால் ஒரு முறை செய்து காட்டினாலே வேர்டு பதிந்துகொள்ளும். சமையல் குறிப்பு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எட்டாத வித்தையல்ல.

"வைரஸ் வந்துவிடும்" என்கிறார்கள். 1999-இல் மெலிஸா என்ற வைரஸ் வேர்டு மாக்ரோவாகத்தான் உலகைச் சுற்றியது, உண்மையே. அது பிறர் அனுப்பிய கோப்பு. நாமே எழுதிய பத்து வரியில் யார் விஷம் வைக்கப் போகிறார்கள்?

பதிப்பாளர் சொன்ன காரணம் இதைவிட அழகு. "மாக்ரோ வந்தால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடுமே!" அடடா, என்ன கருணை! கூலி பக்கத்துக்கு என்றால், வேலை நாலு நாள் முன்னதாக முடிவதில் அவளுக்கு என்ன நஷ்டம்? நஷ்டம், 'இனி யந்திரந்தானே செய்கிறது' என்று விகிதத்தைக் குறைக்கும் கையிலிருந்து வரும். அந்தக் கை மாக்ரோவுக்குக் கிடையாது.

சரி, எல்லாவற்றையும் யந்திரத்திடம் விட்டுவிடலாமா? கூடாது. அங்கேதான் எதிர்த் தரப்பு அன்பர்களோடும் எனக்குச் சண்டை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் நாவல்களை யூனிகோடுக்கு மாற்றுகிறார்கள். பழைய முறையில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவோம். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் குறி. இந்த இடமாற்றத்தை மாக்ரோ கண்ணிமைக்குமுன் செய்துவிடும். ஆனால் பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெளி' என்ற சொல் 'வௌி' ஆகிறது. இணையத்தில் இந்த ஊனப் பிறவியை நீங்களே எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். 'ள'வை அடுத்துக் கொக்கியோ புள்ளியோ வந்தால் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தப்பியிருக்கும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்!

அந்த வரியும் போதாத இடம் உண்டு. நாவலில் மனிதர்கள் பேசுகிறார்களே! 'கெளம்பு' என்பாள் ஒருத்தி. அதைக் 'கௌம்பு' ஆக்காதே என்று எந்த விதியால் சொல்வது? 'கெளரவம்' என்று தட்டியதை மட்டும் 'கௌரவம்' ஆக்கவேண்டும். ஆகவே என் மாக்ரோ அத்தகைய இடங்களில் நின்று, 'மாற்றவா?' என்று கேட்கும்படி எழுதியிருக்கிறேன். என் பழைய நாவலொன்றில் அது நின்ற இடங்களில் பெரும்பாலானவை ஒரே கிழவியின் பேச்சு. வாயைத் திறந்தால் 'வெளக்கு', 'கெளம்பு'. ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்று நானே அழுத்தினேன். அரைமணி நேரம் ஆயிற்று.