கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு



இரண்டு வாரமாக அலுவலகத் தொலைபேசி அடித்தாலே என்ன கேட்கப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சந்தா வரவில்லை என்பதில்லை. தொடர்கதை எப்போது முடியும் என்பதில்லை. "நான் போட்டது கோவிஷீல்டு. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மதுரையிலிருந்து ஒரு வாசகி. மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் வந்து பேசுவதாகச் சொன்னார். "அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார் மேடம். நான்தான் சண்டை போட்டு, ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். இப்ப டிவியில இப்படிச் சொல்றாங்களே..." குரல் உடைந்துவிட்டது. கணவருக்கு இப்போது என்ன செய்கிறது என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்ணும் இல்லை. ஹால்ல உக்காந்து ஐ.பி.எல். பாக்கறார்" என்றார்.

இருவருமே சிரித்துவிட்டோம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த ரகம்தான். 2021-ல் அம்மா, மாமியார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அவருடைய மருமகன் என்று ஏழு பேரைக் கொரோனா தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனவள். போதாதென்று இதே பக்கத்தில் எழுதி உங்களில் பலரையும் அனுப்பி வைத்தவள். அதனால் இந்த மாதம் வேறெதையும் எழுதுவது சரியாக இருக்காது.

முதலில் செய்தியைப் பார்த்துவிடலாம்.

பிரிட்டனில் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனத்தின் மீது, கொரோனா தடுப்பூசியால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. அதில் 2024 பிப்ரவரி மாதம் தாக்கல் செய்த ஆவணத்தில், தங்கள் மருந்து மிக அரிதாக டி.டி.எஸ். என்ற பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் அது பத்திரிகையில் வந்தது. ரத்தம் ஆங்காங்கே உறைந்துபோகும்; அதே சமயம், டெங்கு வந்தால் குறையுமே, அந்த பிளேட்லெட் எண்ணிக்கையும் இறங்கும். அதுதான் டி.டி.எஸ். அதே மருந்தைத்தான் புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்தது; கோவிஷீல்டு என்ற பெயரில் நாம் போட்டுக்கொண்டோம்.

அடுத்த சில நாட்களில் அந்த நிறுவனம் ஐரோப்பாவில் தடுப்பூசியை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. புதிய வகை வைரஸுக்கு ஏற்ற தடுப்பூசிகள் வந்துவிட்டன, பழையதை வாங்க ஆளில்லை என்று காரணம் சொன்னது. நம் ஊரில் அது, 'பயந்துபோய் வாபஸ்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. போதாக்குறைக்கு, தடுப்பூசிச் சான்றிதழிலிருந்து பிரதமர் படம் வேறு காணாமல் போனது. "படத்தையே எடுத்துட்டாங்கன்னா விஷயம் பெரிசுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டார். அப்போது தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்ததால் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

சரி, மூன்று வருடம் கழித்து இப்போது நமக்கு ஏதாவது ஆகுமா? இந்தப் பாதிப்பு வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில நாட்களிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குள் வரும். அதுவும் பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு. 2021-ல் போட்டவருக்கு 2024-ல் இதற்காகப் பயம் தேவையில்லை. மதுரை வாசகியின் கணவர் நிம்மதியாக மேட்ச் பார்க்கலாம்.

இதோடு முடித்திருந்தால் எனக்கும் சுலபம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இது புதுச் செய்தியே இல்லை. 2021 மே 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. கோவிஷீல்டுக்குப் பிறகு ரத்த உறைவு என்று சந்தேகிக்கத்தக்க 26 பேரைக் கண்டறிந்திருக்கிறோம், 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்ற விகிதம் என்று அதில் இருந்தது. ஊசி போட்ட 20 நாட்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி, தோலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அதே மே மாதத்தில் பிரிட்டன், 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு தடுப்பூசி கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது.

நம்மில் எத்தனை பேர் காதுக்கு இது வந்தது?

அந்த வாரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ற வரிசை, சமாளிக்க முடியாமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாறியிருந்தது. மே 21 அன்று தமிழகத்தில் மட்டும் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. யாருக்கு அறிக்கை படிக்க நேரம்? எங்களுக்கு நேரம் இருந்தது. அது எங்கள் வேலை. அந்த அறிக்கை இந்த அலுவலகத்துக்கும் வந்தது. 'இதைப் போட்டால் போட வருகிறவர்களும் வர மாட்டார்கள்' என்று ஆசிரியர் குழுவில் பேசி, ஓரத்தில்கூடப் போடாமல் விட்டோம். 'எந்தப் பயமும் வேண்டாம்' என்றுதான் தலைப்பு வைத்தோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். ஆனாலும் அது தப்பு. பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு, இன்ன அறிகுறி வந்தால் ஓடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், இன்று உங்களுக்கு இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

எங்களை மன்னியுங்கள்.

அதற்காக, அன்று நீங்கள் எடுத்த முடிவு தவறா? அங்கேதான் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடந்தது பேச்சுவார்த்தை. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போட்டுக்கிட்டா, காய்ச்சல் வந்தா யார் கஞ்சி வைக்கிறது?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் மாமனார், நான்கு நாள் விட்டு மாமியார் என்று முடிவாயிற்று. மாமனாருக்கு அன்று ராத்திரியே 102 டிகிரி. மாமியாருக்குக் காய்ச்சலே வரவில்லை. "எனக்கு மட்டும் தண்ணி ஊசி போட்டுட்டாங்க போல" என்று இரண்டு நாள் புலம்பல். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்!

கோவிஷீல்டா, கோவேக்ஸினா என்று புடவைக் கடையில் கேட்பது போல ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டவர்கள் உண்டு. கோவின் தளத்தில் ஸ்லாட் பிடிக்க, பேரன்கள் ஓ.டி.பி.யோடு விடியற்காலை வரை விழித்திருந்தார்கள். கோவிஷீல்டு இரண்டாவது டோஸுக்கு 28 நாள் என்றார்கள், பிறகு ஆறு வாரம் என்றார்கள், பிறகு 12 வாரம் என்றார்கள். காலண்டரில் போட்ட வட்டத்தை இரண்டு முறை அழித்து எழுதியவர்கள் கையைத் தூக்கலாம்.

நடிகர் விவேக் சாரை மறக்க முடியுமா? மற்றவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், கேமராக்கள் முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை போய்விட்டார். அவருடைய இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். பின்னர் ஆராய்ந்த தேசியக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் அந்த வாரம் யார் கேட்டார்கள்? எங்கள் தெருவில் ஊசி போட ஒத்துக்கொண்டிருந்த மூன்று பேர் பின்வாங்கினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முந்தாநாள் டிவியில் சிரித்தவர் இன்று இல்லை என்றால், யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

பயம் நமக்குப் புதிதுமில்லை. 1955-லேயே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்துத் தனிப் புத்தகம் எழுதினார் ராஜாஜி. முதலமைச்சராகவும் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவருக்கே சந்தேகம் என்றால், நம் தெருக்காரர்களை என்ன சொல்ல? என் அம்மாவின் இடது கையில் எட்டணா அளவுக்கு இரண்டு தழும்புகள் இருக்கும். சின்ன வயதில் அம்மை குத்தியது. "அம்மை குத்துறவங்க ஊருக்குள்ள வந்தா வைக்கோல் போருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவோம். எங்கப்பா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கையை நீட்டச் சொல்வார்" என்பார். அந்த வீட்டில் கூட்டிக்கொண்டு போனவர் தாத்தா. பெரியம்மை இன்று எந்த ஊரிலும் இல்லை.

பிறகு கொரோனா ஊசியை எப்படி எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்? விளம்பரத்தால் மட்டும் இல்லை. சென்னைக்கு அருகே கோவளத்தில் பிரியாணி கொடுத்து, குலுக்கலில் ஸ்கூட்டர் என்றார்கள். நீலகிரியில் டாஸ்மாக்கில் பாட்டில் வாங்க ஊசி போட்ட சான்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்த மெகா முகாம்களை அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்; ஞாயிறன்று கறியும் குடியும் இருப்பதால் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று சுகாதாரத் துறை அமைச்சரே விளக்கம் சொன்னார். நம் ஆட்களை நன்றாகத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு! 2021 செப்டம்பர் 12-ல் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள்.

ஆனால் பல வீடுகளில் கடைசி வார்த்தை நர்சம்மாவுடையது. குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர். "நான் போட்டுட்டேன், எங்க வீட்ல எல்லாருக்கும் போட்டுட்டேன், நீ வா" என்று அவர் சொன்னால், அதற்கு மேல் கேள்வி இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் ஓராண்டில் மட்டும் இந்தியாவில் தடுப்பூசி 42 லட்சம் மரணங்களைத் தவிர்த்தது என்று சொன்னார்கள். இது கணித மாதிரி, தலையை எண்ணிச் சொன்னதல்ல. ஆனால் அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பாதியில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருக்கலாம் இல்லையா?

போனில் அடுத்ததாக வரும் கேள்வி: "இப்ப சின்னப் பசங்க எல்லாம் ஜிம்ல, கல்யாண மண்டபத்துல திடீர்னு விழறாங்களே, ஊசியாலதானே?" இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) இதையே ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் புரியாமல் திடீரென இறந்தவர்களை நாடெங்கும் 47 மருத்துவமனைகள் வழியே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம், இறப்பதற்கு முந்தின இரண்டு நாட்களில் மிதமிஞ்சிய குடி அல்லது கடும் உடற்பயிற்சி. மகன் புதிதாக ஜிம்முக்குப் போகிறானா? ஊசியை விடுங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள்.

பெண்கள் மெல்லிய குரலில் கேட்கும் ஒன்றும் உண்டு. ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனது என்று அன்று சொன்னவர்களை, "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4,000 பெண்களிடம் எடுத்த ஆய்வு, ஊசி போட்ட மாதம் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போவது உண்மைதான் என்று 2022-ல் சொன்னது. நீங்கள் கற்பனை செய்யவில்லை.

இத்தனை சொன்ன பிறகும், பத்து லட்சத்தில் ஒன்று என்பது அந்த ஒரு வீட்டுக்கு நூற்றுக்கு நூறு. ஊசிக்குப் பின் மகள்களைப் பறிகொடுத்ததாகச் சொல்லும் பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இழப்பீட்டுக்குத் தான் பொறுப்பல்ல என்று 2022-ல் மத்திய அரசு பதில் கொடுத்தது. பிரிட்டனில் 1979-லிருந்தே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக ஏற்கப்பட்டால் 1,20,000 பவுண்டு. ஊர் நன்மைக்காகக் கையை நீட்டச் சொன்ன அரசு, அதில் அடிபட்டவருக்கு நீதிமன்ற வாசலைக் காட்டுவது சரியில்லை. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தச் செய்தி வந்த பிறகு, திருப்பூரிலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஒன்றரை வயது. அடுத்த ஊசிக்கு நர்சம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாராம். "கோவிஷீல்டு கதை கேட்டதிலிருந்து எந்த ஊசின்னாலும் பயமா இருக்கு, தள்ளிப்போடலாமா?" என்கிறார். எனக்குத் தூக்கம் கெட்டது இந்தக் கடிதத்தால்தான். 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போதும் வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள் என்று நினைவிருக்கிறது.

தள்ளிப்போடாதீர்கள் அம்மா. குழந்தைக்கு இப்போது வர வேண்டியது தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும். கோவிஷீல்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான குழந்தைகள் போட்டுக்கொண்டவை. சந்தேகம் இருந்தால் நர்சம்மாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: பக்கவிளைவு என்ன, எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. கேட்பது உங்கள் உரிமை.

மற்ற வாசகர்களும் பீரோவிலிருந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்தில் ஒன்று, 5 வயதில் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. கடைசி இரண்டையும் பல வீடுகளில் மறந்தே போகிறார்கள். கட்டம் காலியாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடுகிற நாள். காசு கிடையாது. அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்