நடுங்குகிறவர்களுக்கும் இங்கே இடமுண்டு

அமைப்பு வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நாம் முதலில் எதிர்பார்ப்பது துணிச்சலைத்தான். மேடையில் குரல் நடுங்கக் கூடாது, காவல் நிலைய வாசலில் கால் நடுங்கக் கூடாது. நடுங்குகிறவர் இரண்டு கூட்டத்துக்கு வருவார், மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார். அவரைத் தேடிப் போகிறவர்களும் குறைவு. இந்தப் பழக்கத்தை யோசிக்க வைக்கிற ஒரு நாவலைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ‘சின்னப் பிள்ளைகள் படிக்கிற மந்திர தந்திரக் கதை’ என்று தோழர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

நாவலின் பெயர் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’. எழுதியவர் டோமி அடெயெமி, நைஜீரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள். 2018இல் இது வெளிவந்தபோது அவருக்கு வயது 24. யொருபா மரபின் தெய்வங்களைக் கொண்டு ஒரு கற்பனை நாட்டைக் கட்டியிருக்கிறார். ஆனால் கதை பிறந்த இடம் அமெரிக்கத் தெருக்கள். நிராயுதபாணிகளான கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டுக் கொல்லும் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது என்று நூலின் பின்னுரையில் அவரே சொல்கிறார். கதையில் சாகும் குழந்தைக்காக அழுதவர்கள், 12 வயதில் கொல்லப்பட்ட டாமிர் ரைஸுக்காகவும் அழ வேண்டும் என்று கேட்கிறார்.

கதை நடக்கும் ஒரிஷா நாட்டில் வெள்ளை முடியோடு பிறக்கிறவர்கள் டிவீனர்கள். ஒரு காலத்தில் அவர்கள் குலத்துக்கு மந்திர சக்தி இருந்தது. அது மறைந்ததும் அரசன் சாரான் பெரியவர்களை எல்லாம் ஒரே வேட்டையில் கொன்றுவிட்டான். மிஞ்சிய பிள்ளைகளுக்கு வரிமேல் வரி. கட்ட முடியாதவர்களுக்குக் கொத்தடிமை வேலை. அவர்களைக் கூப்பிடும் வசைச்சொல் ‘புழு’.

இந்த நாட்டில் மூன்று பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். மூவருக்கும் பயம். ஆனால் மூன்று பயமும் ஒன்றல்ல, நாவலின் பலம் அதில்தான் இருக்கிறது.

ஸேலி டிவீனர் பெண். தாயைத் தூக்கிலிட்டதைப் பார்த்து வளர்ந்தவள். தான் வாய் திறந்தால் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என்ன ஆகுமோ என்பதே அவள் பயம். வாயும் சும்மா இருக்காது. கோபம் ஒரு நிமிடம், குற்றவுணர்வு ஒரு வாரம். நம்மில் பலருக்கு இது தெரிந்த நிலைமைதான்.

அமாரி இளவரசி. தன் பணிப்பெண்ணும் தோழியுமான டிவீனர் பெண் பிந்தாவை அப்பனே கொன்றதைப் பார்த்து, அரண்மனையை விட்டு ஓடுகிறாள். அவள் பயமும் உண்மையானதுதான். ஆனால் அவள் பயப்படத் தொடங்கியது அன்றைக்கு, ஸேலி பயந்தது பிறந்ததிலிருந்து. ஸேலி அவளை உடனே நம்பாததை நாவல் குறையாகக் காட்டவில்லை. ‘நானும் உங்களோடு நிற்கிறேன்’ என்று வரும் ஆதிக்கத் தரப்பு நண்பர்கள் இந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் இனான், அமாரியின் அண்ணன், பட்டத்து இளவரசன். திடீரென்று அவனுக்குள்ளேயே மந்திர சக்தி எழுகிறது, தலையில் ஒரு வெள்ளைக் கீற்று முளைக்கிறது. அதை மறைக்கிறான். பதற்றம் வரும்போது பத்து வரை எண்ணுகிறான், அப்பா கொடுத்த விளையாட்டுக் காயை இறுக்கிப் பிடிக்கிறான். தெரிந்துவிடுமோ என்ற அந்தப் பயத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. விடுதி அறையில், நேர்முகத் தேர்வில், ‘உங்க ஊர்ல எந்தத் தெரு?’ என்ற கேள்வியில் அது இருக்கிறது. பத்திரிகையாளர் யஷிகா தத் பல ஆண்டுகள் தன் சாதியை மறைத்து வாழ்ந்தவர். ரோகித் வெமுலாவின் மரணத்துக்குப் பிறகு 2016இல்தான் அதை வெளியே சொன்னார். மறைக்கிறவர்மேல் குற்றமில்லை, மறைக்க வைக்கிற சமூகத்தின்மேல்தான் குற்றம். இனான் செய்யும் குற்றம் வேறு. மறைத்துக்கொண்டே, தன்னைப் போன்றவர்களை வேட்டையாடப் போகிறான்.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. சாரானின் முதல் குடும்பத்தை மந்திர சக்தி உள்ளவர்கள் கொன்றார்கள், அதனால்தான் அவன் இப்படி ஆனான் என்று கதை சொல்கிறது. ஒடுக்குகிறவனுக்கு ஒரு பழைய காயம் கிடைத்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. கப்பலில் சங்கிலியிட்டுக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தோட்ட முதலாளிகளுக்கு என்ன தீங்கு செய்தார்கள்? சேரியை ஊருக்கு வெளியே வைத்ததற்கு எந்தப் பழிவாங்கல் காரணம்? உழைப்பும் நிலமும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ‘அவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பயம்’ என்பது அமெரிக்கப் போலீஸ் நீதிமன்றத்தில் சொல்லும் அதே வாதம். அதற்கு எதிராக எழுதப்பட்ட புத்தகமே அந்த வாதத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துவிடுகிறது. படிப்பு வட்டத்தில் இதை விவாதிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அடெயெமி தவறவில்லை. சாரானின் ஆட்கள் ஸேலியைப் பிடித்து, ‘புழு’ என்ற சொல்லை அவள் முதுகில் கத்தியால் கீறுகிறார்கள். அடுத்த அத்தியாயத்திலேயே அவள் எழுந்து வாள் வீசவில்லை. அவளால் தன் சக்தியை உணரவே முடியவில்லை. வெளியே சொல்லவும் வெட்கப்படுகிறாள். அவமானம் உடம்பில் தங்கும், ஆற நாளாகும் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் அவளோடு அண்ணன் இருக்கிறான், அமாரி இருக்கிறாள். ஊரில் அவளுக்குக் கம்பு சுற்றக் கற்றுக் கொடுத்த கிழவி மாமா அக்பாவும் முன்பே இருந்திருக்கிறாள். தனியாக அவள் எதையும் வெல்லவில்லை.

நாமும் இதைச் செய்யலாம். புகார் கொடுக்கப் போகும் மாணவியைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேர் கூடப் போங்கள். கூட்டத்தில் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள், எதற்கு என்று கேளுங்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வராதவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.